கொக்கிக் காய்ச் செடி: விதை ஊன்றுவது முதல் கறுப்பு நார் உரிப்பது வரை

அரிசோனாவில் டூசானுக்குக் குடிவந்த முதல் வருடம். நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஊருக்கு வெளியே மணல் ஓடையில் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று கணுக்காலை ஏதோ கவ்வியது. பாம்புதான் என்று நினைத்து ஒரு குதி குதித்தேன். காலை உதறினால் போகவில்லை, இன்னும் இறுகியது. குனிந்து பார்த்தால் கறுத்துக் காய்ந்த ஒரு காய். சுண்டுவிரல் நீளத்தில் உடம்பு, அதிலிருந்து வளைந்து கிளம்பிய இரண்டு கொம்பு, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு சாண். நடுவில் என் கால்.

சின்ன வயதில் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் புலிநகக் காய் பொறுக்கி விளையாடியவன் நான். உடனே பிடிபட்டுவிட்டது: இது அதற்குச் சொந்தம். இரண்டும் மார்ட்டினியேசியே குடும்பம். நம்மூர்ப் புலிநகம்கூட உண்மையில் நம்மூர்ச் செடி இல்லை. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பக்கமிருந்து வந்து நம் புறம்போக்குகளில் வேர்பிடித்தது. அதன் கொக்கி குட்டையானது. இங்கே சொனோரா பாலைவனத்தில் இருப்பதோ கொம்பு நீண்ட வகை. ஆங்கிலம் பேசுபவர்கள் டெவில்ஸ் கிளா, அதாவது பேயின் நகம் என்கிறார்கள். இந்த மண்ணின் மக்களான ஓஓதம் இனத்தவர் இதை ‘இஹுக்’ என்கிறார்கள். தாவரவியல் பெயர் புரோபோசீடியா பார்விஃப்ளோரா. புரோபோசிஸ் என்றால் துதிக்கை. விலங்கியலில் யானைகளின் வரிசைக்கும் இதே புரோபோசீடியாதான் பெயர். புலி, பேய், யானை என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வீட்டுக் கொல்லையில் போட்டுவருகிறேன். பிஞ்சைச் சமைக்கலாம், விதையைக் கொறிக்கலாம், காய்ந்த கொம்பிலிருந்து சாயமே போடாத கறுப்பு நார் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சரியான நாள் ஒன்று இருக்கிறது. அதைத் தவறவிட்டால் காய் அடுத்த நிலைக்குப் போய்விடும். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்த நாளைக் கண்டுபிடிப்பது பற்றித்தான்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

டெவில்ஸ் கிளா என்று தேடினால் முதலில் வருவது மூட்டுவலி மாத்திரை. அது வேறு செடி. ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் வளரும் ஹார்ப்பகோஃபைட்டம். மருந்து அதன் கிழங்கில் இருக்கிறது. அதன் காயிலும் கொக்கிகள் உண்டு, அதனால்தான் ஒரே பெயர். அது எள் குடும்பம். நம்மூர் யானை நெருஞ்சியும் அந்தக் குடும்பம்தான். ஒரு காலத்தில் நம் கொக்கிச் செடியையும் எள் குடும்பத்திலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். பூவைப் பார்த்தால் ஏன் என்று புரியும், எள்ளுப் பூவைப் பெரிதாக்கி ஊதா தடவியது போல இருக்கும். ஆனால் மூட்டுவலிக்கு என்று இந்தச் செடியின் வேரைத் தோண்டிக் காய்ச்சிக் குடிக்காதீர்கள்.

அமெரிக்கத் தென்மேற்கில் நீங்கள் பார்க்கக்கூடியவை முக்கியமாக மூன்று. பார்விஃப்ளோரா: ஒரு பருவம் மட்டும் வாழும், பூ இளஞ்சிவப்பு அல்லது ஊதா. அல்தேயிஃபோலியா: மஞ்சள் பூ, மண்ணுக்கடியில் கிழங்கு வைத்துக்கொண்டு மழைக்கு மழை துளிர்க்கும். லூயிசியானிக்கா: இன்னும் வடக்கிலும் கிழக்கிலும் அதிகம், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் ஊறுகாய்க்காகவே வளர்த்தார்கள். நாருக்கு வேண்டியது பார்விஃப்ளோரா. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது.

அதிலும் இரண்டு உண்டு. காட்டுவகையின் விதை கறுப்பு, முளைப்பதற்கு முரண்டு பிடிக்கும், கொம்பு குட்டை. ஓஓதம் மக்கள் வீட்டருகே வளர்த்துவந்த வகையின் விதை வெள்ளை, எளிதில் முளைக்கும், கொம்பு ஒரு அடிகூடப் போகும். இதற்கு ஹோஹோகாமியானா என்று தனிப் பெயரே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் வந்து, வெளியூர்க்காரர்கள் கூடை வாங்க ஆரம்பித்ததும் கறுப்பு நாருக்குத் தேவை கூடியது. கொம்பு நீண்ட காயின் விதையையே பெண்கள் வருடா வருடம் எடுத்து வைத்து ஊன்றியதில் இந்த வகை உருவானது என்பது தாவரவியலாளர்களின் கணிப்பு. கோதுமையையும் நெல்லையும் வீட்டுப் பயிராக்கிய கதை பல ஆயிரம் வருடத்துக்கு முந்தியது. இது நம் கொள்ளுப்பாட்டி காலத்தில் நடந்தது. எனக்கு இந்தச் செடி மேல் பிரியம் வந்ததற்கு இதுதான் காரணம்.

விதை

முடிந்தால் வெள்ளை விதை வாங்குங்கள். டூசானில் 1983இல் தொடங்கிய நேட்டிவ் சீட்ஸ் சர்ச் என்ற அமைப்பு இந்தப் பகுதியின் பழைய பயிர் விதைகளைக் காப்பாற்றி வருகிறது, தொடங்கியவர்களில் கேரி நாப்ஹான் ஒருவர். இந்தச் செடி எப்படி வீட்டுப் பயிரானது என்று ஆராய்ந்தவர்களில் அவரும் உண்டு. அதனால் அங்கே முதலில் கேட்டுப் பாருங்கள்.

காட்டு விதைதான் கிடைத்தது என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. விதையைச் சுற்றித் தக்கை மாதிரி ஒரு சொரசொரப்பான தோல் இருக்கும். அதுதான் முளையைத் தடுக்கும் ஆள். ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் நகவெட்டியால் ஓரத்தைச் சீவி, மேல்தோலை உரித்து எடுங்கள். உள்ளே வெள்ளரி விதைப் பருப்பு போல ஒன்று வழுவழுவென்று வரும். கீறல் விழாமல் எடுத்தால் முளைக்கும். முதல் முறை நான் 20 விதையை அப்படியே மண்ணில் போட்டேன், ஒன்றே ஒன்று முளைத்தது. அடுத்த முறை உரித்துப் போட்டேன், பாதிக்கு மேல் வந்தன. உரிக்கும்போது நாலைந்து நசுங்கிப் போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு ஊறவையுங்கள்.

ஊன்றுவது

சூடு வேண்டும். ராத்திரி குளிர் முழுக்கப் போய், மண்ணில் கை வைத்தால் கதகதப்பாக இருக்க வேண்டும். டூசானில் வருடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் மழை, அதில் பாதி ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் மின்னலுமாகக் கொட்டும். காட்டில் இந்தச் செடி அந்த மழைக்குத்தான் காத்திருக்கிறது. தண்ணீர் பாய்ச்ச முடிந்தால் மே மாதமே போடலாம், கொம்பு முற்ற நிறைய நாள் கிடைக்கும். முடியாவிட்டால் முதல் பெருமழைக்கு மறுநாள்.

நாற்று விட்டு நட வேண்டாம். ஆணிவேர் சீக்கிரமாக இறங்கிவிடும், பிடுங்கினால் சுணங்கும். நேரடியாகக் குழிக்கு மூன்று விதை, ஒரு விரற்கடை ஆழம். குழிக்குக் குழி ஒரு மீட்டராவது விடுங்கள். முளைத்த முதல் மாதம் ‘இதற்கா இவ்வளவு இடம்’ என்று தோன்றும். ஆகஸ்டில் பார்த்தால் இலை சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து, செடி பூசணிக்கொடி மாதிரி இடத்தை அடைத்திருக்கும்.

நடைபாதை ஓரத்திலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ போடவே போடாதீர்கள். ஆடு, நாய் வந்துபோகும் இடமும் வேண்டாம். காரணம் என் கணுக்காலுக்குத் தெரியும்.

வளரும்போது

உரம் தேவையில்லை, போட்டால் இலைதான் கொழுக்கும். வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டால் போதும். செடி முழுக்கப் பிசுபிசுவென்று சுரப்பி மயிர் இருக்கும், தொட்டால் கையில் ஒட்டும். வாடையும் உண்டு. என் மனைவிக்கு அது பழைய சாக்கு நாற்றம், எனக்குப் பழகிவிட்டது. சின்னச் சின்னப் பூச்சிகள் இலையில் ஒட்டிச் செத்துக் கிடக்கும். பயந்து மருந்து அடிக்க வேண்டாம்.

கண் வைக்க வேண்டியது கொம்புப் புழு மேல்தான். புகையிலைச் செடியைத் தின்னும் அதே பச்சைப் புழு, விரல் தடிமன், வால்பக்கம் ஒரு முள். இரண்டு ராத்திரியில் ஒரு செடியை மொட்டையடிக்கும். சாயங்காலம் இலைக்கடியில் பார்த்துக் கையால் பொறுக்கி எடுங்கள்.

பூ விட்டதும் ஒரு வேடிக்கை பாருங்கள். குழல் போன்ற பூ, உள்ளே மஞ்சள் கோடுகள் வண்டுக்கும் தேனீக்கும் வழி காட்டும். குழலின் மேற்கூரையை ஒட்டி, மெல்லிய காம்பின் நுனியில் சூலகமுடி இரண்டு உதடாகத் திறந்திருக்கும். ஒரு புல்லின் நுனியால் அந்த உதட்டின் உட்பக்கத்தை லேசாகத் தொடுங்கள். சில நொடிக்குள் இரண்டும் ஒன்றோடொன்று மூடிக்கொள்ளும். உள்ளே நுழையும் தேனீ மகரந்தத்தை அங்கே தேய்த்துவிட்டுப் போகும். அது வெளியே வருவதற்குள் கதவு சாத்தியாகிவிடும், அதனால் தன் பூவின் மகரந்தமே திரும்ப ஒட்டாது. தொட்டாற்சிணுங்கி பார்த்து வளர்ந்த எனக்கே முதல் தடவை ஆச்சரியமாக இருந்தது. பூ பூவாகத் தொட்டுக்கொண்டு நிற்காதீர்கள், காய் பிடிக்க வேண்டும்.

பிஞ்சு பறிப்பது

பூ உதிர்ந்து சில நாளில் வெண்டைப் பிஞ்சு போல, மூக்கு மட்டும் வளைந்த காய் வரும். இரண்டு அங்குலத்துக்குள் இருக்கும்போதே பறிக்க வேண்டும். வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அதே சோதனைதான். மூக்கு நுனி ‘டக்’ என்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்து கொடுத்து நார் தெரிந்தால் நேரம் போய்விட்டது. அதைச் செடியிலேயே விட்டுவிடுங்கள், நாருக்காகும். இந்தச் சூட்டில் காலையில் பிஞ்சாக இருப்பது மறுநாள் சாயங்காலம் முற்றியிருக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

எனக்குப் பிடித்த பக்குவம் இது. 15 பிஞ்சைக் கல்லுப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், பிசுபிசுப்பும் மயிரும் போக வேண்டும். இரண்டாக வகிர்ந்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். லேசான கசப்பு அதோடு போய்விடும். அப்புறம் நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு தாளித்துப் பிஞ்சைப் போட்டு வதக்கி, கெட்டியான புளிக்கரைசலும் குழம்புத்தூளும் சேர்த்துச் சுண்ட வையுங்கள். வெண்டைக்காய்க்கும் சுண்டைக்காய்க்கும் நடுவில் ஒரு ருசி. முதல் முறை சாப்பிடுபவர்கள் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தட்டை நிரப்புங்கள்.

ஒரே செடியில் பிஞ்சும் வேண்டும் கொம்பும் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். கறிக்கு இரண்டு செடி, நாருக்கு மீதி என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கொம்பு பிரியும் காலம்

விட்டுவைத்த காய் பச்சையாக, சதைப்பற்றாக நீண்டுகொண்டே போகும். செப்டம்பர் கடைசியில் அந்தப் பச்சைத் தோல் சுருங்கி, வெடித்து, வாழைப்பழத் தோல் மாதிரி உரிய ஆரம்பிக்கும். உள்ளே கறுப்பு மரக்கட்டை போல அசல் காய். ஒன்றாக இருந்த மூக்கு நுனியிலிருந்து பிளந்து, உலர உலர இரண்டு கொம்பாக விலகி வளையும். இதெல்லாம் எதற்கு என்றால், விலங்குகளின் கால் மேல் ஏறுவதற்கு. ஒரு கொம்பின் மேல் குளம்பு பட்டால் மற்றது எழும்பி வந்து காலைச் சுற்றும். அது நடக்க நடக்க, பிளவு வழியே விதை கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும்.

நாருக்குப் பறிக்கும் நாள் இதில்தான் ஒளிந்திருக்கிறது. பச்சைத் தோல் தானாகக் கழன்றிருக்க வேண்டும், ஆனால் கொம்பு வெயிலில் வெளுத்திருக்கக் கூடாது. சீக்கிரம் பறித்துத் தோலைச் சுரண்டினால் கறுப்பு முழுதாக ஏறியிருக்காது. விட்டுவிட்டால் ஒரு மாத வெயிலில் சாம்பல் நிறமாகி நொறுங்கும். என் கணக்கு: தோல் பாதி தொங்கும்போதே காயை வெட்டி நிழலில் போட்டுவிடுவேன், மீதி அங்கே உரிந்துகொள்ளும். தோல் கையுறை கட்டாயம். கொம்பு நுனி ஊசி, உள்ளங்கையில் ஏறினால் ஒரு வாரம் வலிக்கும்.

சேமித்து வைக்க ஓஓதம் பின்னல்காரர்களின் வழக்கத்தை மிஞ்ச முடியாது. பெட்டியும் வேண்டாம் கயிறும் வேண்டாம். ஒரு காயின் கொம்பை இன்னொன்றில் மாட்டி, அதை அடுத்ததில் மாட்டி, எல்லாமே ஒரு பெரிய உருண்டையாகக் கோத்துக்கொள்ளும். அப்படியே இருட்டான அறையில் வைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும்.

நார் உரிப்பது

கொம்பின் வெளிவளைவில் இருக்கும் கறுப்பு மேல்பட்டைதான் நமக்கு வேண்டியது. உள்ளே இருப்பது வெறும் பழுப்புக் கட்டை.

1. காய்களை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். மிதக்கும், மேலே ஒரு கல் வேண்டும். எடுத்ததும் ஈரத்துணியில் சுற்றுங்கள், உரிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்தால் போதும்.

2. ஊசிக் கொக்கி நுனியை இடுக்கியால் நறுக்கிவிடுங்கள்.

3. நுனிப்பக்கம் கூர்மையான குத்தூசியால் பட்டையின் ஓரத்தைக் கிளப்புங்கள். கிளம்பிய நுனியைப் பிடித்து, கொம்பு ஆரம்பிக்கும் அடிப்பக்கம் நோக்கி ஒரே சீராக இழுங்கள். பழகியவர்கள் பல்லில் கடித்துக்கொண்டு காயைக் கையால் விலக்குவார்கள். நான் சின்ன இடுக்கி வைத்திருக்கிறேன். நார் ஒருபக்கம் மெலிந்துகொண்டே போனால், தடிமனான பக்கமாக இழுப்பைச் சாய்க்க வேண்டும். மூங்கில் பிளப்பவர்களைக் கேட்டால் இதையேதான் சொல்வார்கள்.

4. ஒரு கொம்பில் இரண்டோ மூன்றோ நார் தேறும். உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கட்டையைக் கத்தி முதுகால் வழித்தெடுங்கள், இல்லாவிட்டால் மடங்கும் இடத்தில் முறியும்.

5. அகலம் ஒரே மாதிரி வர, தகர டப்பா மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு அதன் வழியே நாரை இழுங்கள். இரண்டு மில்லிமீட்டர் ஓட்டையில் ஆரம்பிப்பது எளிது.

முதல் நாள் 10 காய் உரித்ததில் எனக்கு உருப்படியாகத் தேறியது ஆறு நார். கணக்குப் பார்த்தால் அழுகை வரும், பார்க்காதீர்கள். ஒரு நடுத்தரக் கூடையில் தெரியும் கறுப்பு முழுக்க இப்படி ஒவ்வொன்றாக உரித்தது என்று தெரிந்த பிறகு நான் கூடை விலையில் பேரம் பேசியதில்லை.

தைப்பது

நம் பனையோலைப் பெட்டி குறுக்கும் நெடுக்குமாக முடைவது. இது அப்படியல்ல, சுருட்டித் தைப்பது. தோஹோனோ ஓஓதம், அதாவது பாலைவன மக்கள், பியர்கிராஸ் என்ற செடியின் புல் போன்ற இலையைக் கட்டாக வைத்து அதைச் சுருள் சுருளாகச் சுற்றி, வெயிலில் வெளுக்கவைத்த யூக்கா என்ற பாலைவனச் செடியின் இலைநாரால் தைக்கிறார்கள். ஆற்றோரத்து அகிமெல் ஓஓதம் மக்களின் பழைய கூடைகளில் உள்ளே சம்பங்கோரை, தையல் வில்லோ நார். கறுப்பு இரண்டு பேருக்கும் இந்தக் கொக்கிக் காய்தான். கூடையின் நடுப்பொட்டு கறுப்பாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. தரையில் உரசித் தேயும் இடம் அதுதான், இந்த நாரோ மற்றவற்றைவிட உழைக்கும். வெயிலில் போட்டுவைக்காவிட்டால் கறுப்பும் எளிதில் வெளுக்காது.

நீங்கள் ஆரம்பிக்க ஒரு டம்ளர் வைக்கும் தட்டு போதும். விரல் தடிமனுக்குப் புல் கட்டு வேண்டாம், பென்சிலில் பாதி போதும். நுனியை இறுக்கமாகச் சுருட்டி, ஈர நாரை அதன் மேல் சுற்றி, குத்தூசியால் முந்தின சுற்றில் ஓட்டை போட்டு நாரை நுழைத்து இழுங்கள். ஒவ்வொரு தையலும் பக்கத்துத் தையலைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நார் எப்போதும் ஈரமாக இருக்கட்டும்.

இரண்டு விஷயம். பழங்குடிகளின் நிலத்தில் அனுமதி இல்லாமல் காய் பொறுக்காதீர்கள். நீங்கள் தைத்ததை ஓஓதம் கூடை என்று சொல்லி விற்காதீர்கள். பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாக விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் குற்றம்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு

விதையைத் தபாலில் வரவழைக்கும் எண்ணம் வேண்டாம். வெளிநாட்டு விதைகளுக்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் நோயின்மைச் சான்றும் வேண்டும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், ஆஸ்திரேலியாவில் இந்தக் குடும்பத்துச் செடிகள் மேய்ச்சல் நிலக் களையாகி ஆட்டுக்காரர்களைப் படுத்துகின்றன. சீமைக் கருவேலம் ஒன்றே நமக்குப் போதாதா?

புலிநகம் உங்கள் ஊர் ரோட்டோரத்திலேயே இருக்கும். கொக்கி குட்டை என்பதால் நாருக்கு ஆகாது. ஆனால் பூவின் உதடு மூடும் வேடிக்கையை அதிலும் பார்க்கலாம். அந்தச் செடியின் வேர் என்று சொல்லி, கை கூப்பியது போன்ற ஒன்றை ‘ஹத்தா ஜோடி’ என்று பணவசியத்துக்கு விற்பார்கள். அப்படிப் பிடிபட்டவை உடும்பின் பிறப்புறுப்பைக் காயவைத்தவை. உடும்பு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வாங்கினாலும் வழக்குதான்.

விதை எடுத்து வைப்பது

நார் உரித்த காயைத் தூக்கி எறியாதீர்கள். தலைகீழாகத் தட்டினால் பாதி விதைதான் விழும், மீதி உள்ளறைகளில் சிக்கிக்கொண்டிருக்கும். குறடால் காயை நெரித்துப் பிளந்து எடுங்கள். ஒரு காயில் 40 வரை வரும். எண்ணெய்ப் பசையுள்ள விதை, தோலை நீக்கிச் சூரியகாந்தி விதை மாதிரி கடித்துச் சாப்பிடலாம். ஓஓதம் குழந்தைகள் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஊன்றுவதற்கு என்றால் மிக நீண்ட கொம்பு எந்தக் காயில் இருந்ததோ அதன் விதையைத் தனி உறையில் போட்டு, கொம்பின் நீளத்தை மேலே எழுதி வையுங்கள். என்னிடம் இருக்கும் முதல் உறையில் 22 செ.மீ. என்று எழுதியிருக்கிறது, போன வருடத்து உறையில் 27. கொல்லையில் சிந்திய விதை நாலைந்து வருடம் கழித்தும் முளைக்கும். மழைக்கு மறுநாள் சுற்றிப் பார்த்து, வேண்டாத இடத்தில் வந்ததை இரண்டு இலையிலேயே பிடுங்கிவிடுங்கள்.